ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளியிலிருந்து விண்வெளி அருங்காட்சியகத்துக்கு: எங்கே, எப்போது, எதைப் பார்க்க?

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையிலுள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை நீங்கள். ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் படிக்கும் நாற்பது மாணவ மாணவியரை விமானம், விண்வெளி தொடர்பான ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறீர்கள். பெங்களூருக்கா, திருவனந்தபுரத்துக்கா, ஸ்ரீஹரிகோட்டாவுக்கா, எந்த மாதத்தில், அங்கே போய் எதைக் காட்டுவது என்பவை உங்கள் கேள்விகள். மாணவர்களில் பெரும்பாலோர் மீனவக் குடும்பத்தினர், சிலர் இலங்கைத் தமிழர்கள் வாழும் மண்டபம் மறுவாழ்வு முகாமில் வசிப்பவர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு விவரங்களும் திட்டத்தை வெகுவாக மாற்றக்கூடியவை என்பதால் அவற்றை மனத்தில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

என் பரிந்துரை தும்பா. திருவனந்தபுரத்துக்கு அருகே, விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் வளாகத்தில், பழைய மரிய மகதலேனா தேவாலயத்துக்குள் அமைந்திருக்கும் விண்வெளி அருங்காட்சியகத்தைப் பயணத்தின் மையமாக வையுங்கள். அதற்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பு, பள்ளியிலிருந்து ஓர் அரைநாளில் போய்வரக்கூடிய பேய்க்கரும்பு கலாம் நினைவிடத்தை முன்னோட்டமாகப் பயன்படுத்துங்கள். பெங்களூரை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். ஒரே பயணத்தில் மூன்று ஊர்களைத் திணிக்கும் சுற்றுலாத் திட்டங்களைப் பேருந்து நிறுவனத்தார் அழகாக அச்சடித்துக் கொடுப்பார்கள். அப்படிப் போய்வந்த பிள்ளைகளிடம் பார்த்ததைக் கேட்டால் வழியில் சாப்பிட்ட உணவகத்தின் பெயர்தான் பெரும்பாலும் நினைவில் இருக்கும்.

மற்ற இடங்களை ஏன் தள்ளிவைக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் பழைய விமான நிலையச் சாலையில் உள்ள, இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) விமானத் தயாரிப்பு நிறுவனத்தின் பாரம்பரிய மையமும் வானூர்தி அருங்காட்சியகமும் 2001-இல் தொடங்கப்பட்டவை; உண்மையான விமானங்களை மிக அருகில் நின்று பார்க்க விரும்புவோருக்குத் தென்னிந்தியாவில் அதைப் போன்ற இடம் குறைவு. வி. எம். காட்கே வடிவமைத்து 1951-இல் முதலில் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானமும், ஜெர்மானிய வடிவமைப்பாளர் கர்ட் டாங்க் தலைமையில் உருவாகி 1961 ஜூன் 17-இல் முதலில் பறந்த மாருத் போர் விமானமும் அங்கே உள்ளன. மாருத்தின் கதை பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் மாணவருக்கு நல்ல பாடம்: ஒலியின் வேகத்தை எளிதாகக் கடக்கும் நோக்கத்துடன் உடல் வடிவமைக்கப்பட்டது, ஆனால் அதற்கென எண்ணியிருந்த வலிமையான எஞ்சின் கிடைக்காமற்போய், வலிமை குறைந்த ஆர்ஃபியஸ் எஞ்சின்கள் இரண்டைப் பொருத்த வேண்டியதாயிற்று. கூர்மையான முகமும் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகளும் கொண்ட அந்த விமானம், தன் உருவம் தந்த வாக்கை முழுமையாக நிறைவேற்றாமலேயே 1990-இல் ஓய்வு பெற்றது. எச்.ஏ.எல். மையத்தோடு, நகரின் நடுவிலுள்ள விசுவேசுவரய்யா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் ரைட் சகோதரர்களின் விமானத்தின் முழு அளவு நகலையும் பார்க்கலாம். இவற்றுக்கெல்லாம் முழுதாக இரண்டு நாள்கள் வேண்டும். உங்கள் ஊரிலிருந்து பெங்களூர் செல்வதும் திரும்புவதும் தனியாக இரண்டு இரவுகள். ஆகவே அதைத் தனிப் பயணமாக வைப்பதே முறை.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுதலைப் பொதுமக்கள் நேரில் காண 2019 முதல் பார்வையாளர் அரங்கு இருக்கிறது. இஸ்ரோவின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். ஒரு குடும்பம் தன் விருப்பப்படி போய்வருவதற்கு அது அருமையான இடம். நாற்பது பிள்ளைகளுக்குப் பேருந்தும் தங்குமிடமும் பேசி முன்பணம் கட்டிய ஆசிரியருக்கு அது ஏற்றதன்று. வானிலை, எரிபொருள் கசிவு, கணினி காட்டும் ஓர் ஐயம் என ஏவுதல் தள்ளிப்போகக் காரணங்கள் பல. தள்ளிவைப்பது பொறியாளர்களுக்கு இயல்பான முடிவு, நமக்கோ முழுப் பயணமும் வீண். விசாகப்பட்டினத்தின் டி.யு.-142 விமான அருங்காட்சியகமும் கோவா போக்மாலோவின் கடற்படை விமான அருங்காட்சியகமும் மிகச் சிறந்தவை என்றாலும் உங்களுக்கு வெகுதொலைவு.

இனி தும்பா. அந்த அருங்காட்சியகத்தை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்துவது, அது இருக்கும் இடமே ஒரு காட்சிப்பொருள் என்பது. பெங்களூர் அருங்காட்சியகத்தை நாளைக்கே வேறு ஊருக்கு மாற்றினாலும் அதன் விமானங்கள் அதே பாடத்தைத்தான் சொல்லும். தும்பாவை அப்படி நகர்த்த முடியாது. எனவே பிள்ளைகளை உள்ளே அனுப்புமுன் வாசலில் நிறுத்தி, ‘ராக்கெட் விடுவதற்கு ஏன் இந்தக் கடற்கரை?’ என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். கடல் பக்கத்தில் இருப்பதால் எரிந்து விழும் பாகங்கள் யார் தலையிலும் விழாது என்று உங்கள் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். அது பாதி விடை. அதை மட்டும் கருதினால் ராமநாதபுரம் கடற்கரையும் போதும். மறுபாதி புவிக்காந்த நடுக்கோட்டில் இருக்கிறது.

காந்த ஊசி ஒன்றை மேலும் கீழும் தடையின்றி ஆடும்படி தொங்கவிட்டால், வடதுருவத்தை நெருங்க நெருங்க அதன் வடமுனை நிலத்தை நோக்கிச் சாயும். எந்தப் பக்கமும் சாயாமல் அது கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடுதான் புவிக்காந்த நடுக்கோடு. அது இந்தியாவின் தென்முனையைக் கடந்து செல்கிறது. தும்பா அதற்கு மிக அருகில் இருக்கிறது. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஓர் ஆய்வகத்தை வைத்திருப்பதும் இந்தக் கோட்டை முன்னிட்டே. உங்கள் பள்ளியும் அதற்கு வெகுதொலைவில் இல்லையாதலால், ஆய்வகத்தில் சாய்வு ஊசி இருந்தால் பயணத்துக்கு முந்தைய வாரம் அதை எடுத்துக் காட்டுங்கள். ஊசி கிட்டத்தட்டக் கிடைமட்டமாகவே நிற்பதைப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால் தும்பாவில் பாதி வேலை முடிந்துவிடும்.

அந்தக் கோட்டின் மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ 100 முதல் 110 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி வலுவான மின்னோட்டம் ஒன்று வளிமண்டலத்தில் பாய்கிறது. அந்த உயரம் ஆராய்ச்சியாளர்களுக்கு மிகவும் இடைஞ்சலானது: பலூன்கள் அவ்வளவு மேலே ஏறா, செயற்கைக்கோள்கள் அவ்வளவு கீழே இறங்கிச் சுற்றினால் காற்றின் உராய்வில் நிலைக்கா. கருவிகளைச் சில நிமிடங்கள் அங்கே கொண்டுபோய்க் காட்டிவிட்டுக் கடலில் விழும் சிறிய ஆய்வு ராக்கெட்டுகளால் மட்டுமே அந்தப் பகுதியை நேரில் அளக்க முடியும். விக்ரம் சாராபாயும் அவருடைய குழுவினரும் இந்தக் காரணத்தால்தான் இந்தக் கரையைத் தேடி வந்தார்கள். இந்திய விண்வெளித் திட்டம் நிலவையோ செவ்வாயையோ குறிவைத்துத் தொடங்கவில்லை. நம் தலைக்கு நேர் மேலே நூறு கிலோமீட்டரில் என்ன நடக்கிறது என்ற கேள்வியில் தொடங்கியது. இதைப் பிள்ளைகள் புரிந்துகொண்டாலே போதும் என்பேன்.

அடுத்தது அந்தத் தேவாலயம். ஏவுதளத்துக்குத் தேவைப்பட்ட நிலத்தில் மீனவக் குடும்பங்களின் வீடுகளும், அவர்களுடைய மரிய மகதலேனா ஆலயமும், ஆயரின் இல்லமும் இருந்தன. சாராபாய் அப்போதைய ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவைச் சந்தித்துப் பேசினார். ஆயர் அதை மக்களிடம் எடுத்துச் சொல்ல, அவர்கள் இசைந்து இடம்பெயர்ந்தார்கள். ஆலயக் கட்டடம் ராக்கெட் பாகங்களைச் சேர்க்கும் பட்டறையாயிற்று. ஆயர் இல்லம் அலுவலகமாயிற்று. இந்த நிகழ்வை அறிவியலும் சமயமும் கைகோத்த இனிய கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். உங்கள் மாணவர்களிடம் அப்படிச் சொல்லி நிறுத்தாதீர்கள். கரையை விட்டு உள்ளே தள்ளிப்போவது வலை உலர்த்தும் இடம், படகு ஏற்றும் இடம், பல தலைமுறையாகப் பழகிய துறை ஆகியவற்றை விட்டுக்கொடுப்பது என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

1963 நவம்பர் 21 மாலையில் இங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. ராக்கெட் அமெரிக்காவின் நைக்கி-அப்பாச்சி. அதன் தலையில் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சிலிருந்து வந்தது. அந்தி வேளையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தரையில் இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் சூரிய ஒளி எஞ்சியிருக்கும். அங்கே வெளியிடப்படும் சோடியம் ஆவி ஒளிபட்டு ஆரஞ்சு நிற மேகமாகத் தெரியும். அந்த மேகம் நகர்வதைக் கீழிருந்து படம் பிடித்து மேல்வானத்துக் காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்கிடலாம். காற்றைக் கண்ணால் பார்க்க வைக்கும் இந்த உத்தி, விலையுயர்ந்த கருவிகளைவிடப் பிள்ளைகளின் மனத்தில் ஆழமாகப் பதியும். அந்த ராக்கெட்டைச் சேர்த்துப் பொருத்தும் பணியில் இருந்தவர்களில் ஒருவர் ராமேசுவரத்தைச் சேர்ந்த, அப்போது 32 வயதான அப்துல் கலாம்.

அருங்காட்சியகத்தினுள் பழைய நிழற்படங்கள், ராக்கெட்டுகளின் சிறு மாதிரிகள், எஞ்சின் பாகங்கள், செயற்கைக்கோள் மாதிரிகள் எனப் பலவும் உள்ளன. வெளித்தோட்டத்தில் ராக்கெட்டுகள் நிற்கின்றன. எல்லாவற்றையும் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். பத்துப் பத்துப் பேராக நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள்.

ஒரு குழு ரோகிணி ராக்கெட்டுகளைப் பார்க்கட்டும். ஆர்.எச்.-75, ஆர்.எச்.-200, ஆர்.எச்.-300, ஆர்.எச்.-560 என்ற பெயர்களில் உள்ள எண், மில்லிமீட்டரில் அந்த ராக்கெட்டின் விட்டம். இதை முன்கூட்டியே சொல்லாமல், பெயர்ப்பலகைகளில் உள்ள அளவுகளைக் குறித்துவரச் செய்து, எண்ணின் பொருளை அவர்களே கண்டுபிடிக்கட்டும். 75 மில்லிமீட்டர் என்பது கைக்குள் அடங்கும் குழாயின் அளவு. 1967 நவம்பர் 20-இல் ஏவப்பட்ட அந்தச் சிறு ராக்கெட்டிலிருந்து 1980-இல் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்த எஸ்.எல்.வி.-3 வரை பதின்மூன்று ஆண்டுகளே இடைவெளி.

இன்னொரு குழுவுக்குக் கணக்கு. எஸ்.எல்.வி.-3 ஏறத்தாழ 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்டது. அது சுமந்துசென்ற ரோகிணி செயற்கைக்கோளோ 35 கிலோகிராம். ஏறத்தாழ ஐந்நூறு கிலோ ராக்கெட்டுக்கு ஒரு கிலோ சுமை. 44 மீட்டர் உயரமும் 320 டன் எடையும் உள்ள பி.எஸ்.எல்.வி.க்கு அதே விகிதத்தைக் கணக்கிடச் சொன்னால், துருவப் பாதைக்கு (பூமியை வடக்கு தெற்காகச் சுற்றும் பாதை) 1,750 கிலோ என்ற அளவில் அது நூற்றெண்பதுக்கு ஒன்று என்று வரும். மீதி எடையெல்லாம் எங்கே போகிறது என்று அவர்கள் கேட்பார்கள். ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகை எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள்: படகு ஏற்றிச்செல்லும் டீசலில் ஒரு பகுதி, அந்த டீசலையே சுமப்பதற்காகச் செலவாகிறது, தொலைவு கூடக்கூட அந்தப் பகுதி வளர்ந்துகொண்டே போகும். ராக்கெட்டில் இது எல்லை மீறிப்போவதால்தான், தீர்ந்துபோன அடுக்கைக் கழற்றி எறிந்துவிட்டு மேலே செல்கிறார்கள். எஸ்.எல்.வி.-3-இல் நான்கும் திட எரிபொருள் அடுக்குகள், பி.எஸ்.எல்.வி.யில் திடமும் திரவமும் மாறி மாறி வரும். ஏன் அப்படி என்பதை மாதிரியின் முன்னால் நின்று விவாதிக்கலாம்.

மூன்றாவது குழு நிழற்படங்களை மட்டும் பார்க்கட்டும். ராக்கெட்டின் கூம்பு முனையை மிதிவண்டியின் பின்னிருக்கையில் வைத்துத் தள்ளிச்செல்லும் படம் உலகப் புகழ் பெற்றது. அதோடு சேர்த்து, இந்தியாவின் ‘ஆப்பிள்’ தகவல்தொடர்புச் செயற்கைக்கோளை மாட்டுவண்டியில் ஏற்றி நிறுத்தியிருக்கும் படத்தையும் பலர் பகிர்கிறார்கள். இரண்டுக்கும் ‘அந்த வறுமையிலிருந்து இந்த உயரத்துக்கு’ என்று ஒரே விளக்கத்தை எழுதிவிடுகிறார்கள். மிதிவண்டிக்கு அது ஓரளவு பொருந்தும். மாட்டுவண்டிக்குப் பொருந்தாது. 1981 ஜூனில் ஏரியான் ராக்கெட்டில் ஏவப்பட்ட அந்தச் செயற்கைக்கோளின் ஆண்டெனாவைச் சோதிக்கும்போது, சுற்றிலும் உலோகம் இருந்தால் அலைகள் எதிரொளித்து அளவீடு பிழைபடும். உலோக வண்டியைத் தவிர்க்கவே மரத்தாலான மாட்டுவண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழ்மையின் அடையாளமாக நாம் நினைத்தது சிந்தித்து எடுத்த பொறியியல் முடிவு. ஒரு படத்தைப் பார்த்தவுடன் அதன் பொருள் தெரிந்துவிட்டதாக எண்ணக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

நான்காவது குழுவுக்கு ஒரு தோல்வியைக் கொடுங்கள். எஸ்.எல்.வி.-3 முதன்முறை ஏவப்பட்டது 1979 ஆகஸ்ட் 10-இல். திட்ட இயக்குநர் கலாம். இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல் ஆக்சிஜனேற்றி (எரிவதற்கு ஆக்சிஜன் தரும் திரவம்) கசிந்துவிட்டதால், ஏறத்தாழ ஐந்து நிமிடங்களில் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18-இல் அடுத்த முயற்சி வென்றது. இடைப்பட்ட பதினொரு மாதங்களில் என்னென்ன மாற்றினார்கள் என்ற கேள்வியோடு அந்தக் குழு மாதிரிகளைப் பார்க்க வேண்டும். வழிகாட்டிகளிடம் கேட்டால் அவர்களுக்கும் உற்சாகம் வரும்.

தும்பாவுக்கும் நகரத்துக்கும் இடையில் ஆக்குளம் சுற்றுலாக் கிராமத்தில் விமானப்படையின் சிறு காட்சியகமும் ஓய்வுபெற்ற பயிற்சி விமானமும் இருக்கின்றன. பிற்பகலில் ஒரு மணி நேரம் அங்கே ஒதுக்கினால் விமானம் பார்க்க வேண்டும் என்ற பிள்ளைகளின் ஆசையும் ஓரளவு நிறைவேறும். நகரின் பிரியதர்சினி கோளரங்கத்தையும் சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

முன்னோட்டமாகச் சொன்ன பேய்க்கரும்பைப் பற்றி. பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு நிறுவனம் கட்டி 2017 ஜூலை 27-இல் திறக்கப்பட்ட அந்த நினைவிடம், முதன்மையாக ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லும் இடம். அதை விண்வெளி அருங்காட்சியகமாக எண்ணிப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் ஏவுகணை, ராக்கெட் மாதிரிகள் அங்கே இருப்பதால் தும்பாவுக்கான சொற்களை அங்கே கற்பித்துவிடலாம். செயற்கைக்கோளைச் சுமக்கும் ராக்கெட்டும் வெடிபொருளைச் சுமக்கும் ஏவுகணையும் எங்கே ஒன்றாகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை விளக்க அதுவே சரியான இடம்: 1989 மே 22-இல் முதலில் சோதிக்கப்பட்ட அக்னி ஏவுகணையின் முதல் அடுக்கு எஸ்.எல்.வி.-3-இன் முதல் அடுக்கிலிருந்து வந்தது. உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. குறிப்பேடும் பென்சிலும் போதும். ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த கலாம், சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களின் அருகே உட்கார்ந்திருந்த மாலைகளே தம்மை வானூர்திப் பொறியியலுக்கு இழுத்ததாக எழுதியிருக்கிறார். பறக்காத விமானத்தைப் பார்க்கப் பிள்ளைகளை ஏன் இவ்வளவு தூரம் கூட்டிப் போகிறீர்கள் என்று பெற்றோர் யாரேனும் கேட்டால் இதைச் சொல்லலாம்.

பள்ளிக்கு மேலே நாள்தோறும் பறப்பவற்றையும் விட்டுவிடாதீர்கள். உச்சிப்புளியின் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளத்திலிருந்து எழும் ஹெலிகாப்டர்களையும் ஆளில்லா விமானங்களையும் அவர்கள் பெயர் தெரியாமலே பார்த்து வளர்ந்தவர்கள். தளத்துக்குள் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது, வேலிக்கு அருகே நின்று படமெடுப்பதும் கூடாது; வகுப்பறைச் சன்னல் வழியே பார்ப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை.

பயண வழியைப் பொறுத்தவரை, பேருந்தில் போவதாக இருந்தால் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி வழியே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடியுங்கள். மொத்தத் தொலைவு 300 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் முதல் நாள் நாகர்கோவிலில் தங்கி, மறுநாள் அதிகாலையில் தும்பாவுக்குப் புறப்படுவது நல்லது. இந்த வழியைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திருச்செந்தூரைத் தாண்டினால் குலசேகரன்பட்டினம். அங்கே இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. உள்ளே செல்ல முடியாது. ஆனாலும் பேருந்தை ஓரமாக நிறுத்தி ஒரு வரைபடத்தைக் கையில் கொடுங்கள். துருவப் பாதைக்குச் செல்ல ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர்தெற்கே ராக்கெட்டை விட்டால் அது இலங்கைக்கு மேலே பறக்க நேரும். அதைத் தவிர்க்க முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு தெற்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவு. பெரிய ராக்கெட்டுகள் அதைத் தாங்கிக்கொள்ளும். 34 மீட்டர் உயரமும் 500 கிலோ சுமக்கும் திறனும் உள்ள எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுக்கோ அது பெரிய இழப்பு. குலசேகரன்பட்டினத்துக்கு நேர்தெற்கே திறந்த கடல். எதிர்க்கரையில் இலங்கை இருப்பதன் பொருளை நாள்தோறும் உணரும் பிள்ளைகளுக்கு இந்தப் புவியியலை விளக்க அதிக நேரம் ஆகாது.

காலத்தை முடிவு செய்யும்போது பள்ளி நாட்காட்டியோடு கடல் நாட்காட்டியையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் வேலை செய்யும் குடும்பங்களில் அப்போது வருமானம் இராது, தடைக்கு முந்தைய வாரங்களில் பணம் கேட்பதும் கடினம். கேரளத்தில் ஜூன், ஜூலை பெருமழை; நம் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயலும் மழையும். மார்ச்சில் பொதுத்தேர்வு. ஆகப் பொங்கலுக்குப் பின் பிப்ரவரி நடுப்பகுதி வரை கிடைக்கும் நான்கு வாரங்களே பாதுகாப்பானவை. ரமலான் நோன்பு அந்த நாள்களில் வந்தால் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கட்டணத்தை ஆகஸ்டிலிருந்து மாதாமாதம் சிறு தொகையாகச் சேர்த்தால் யாரும் விடுபட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையையும் மத்திய அரசு விடுமுறைகளையும் தவிர்த்து, வாரத்தின் நடுவில் ஒரு வேலைநாளில் தும்பாவில் இருக்கும்படி பாருங்கள்.

அனுமதிகளில்தான் உங்கள் பயணத்துக்குத் தனிக் கவனம் தேவை. தும்பா பாதுகாக்கப்பட்ட வளாகம். இந்தியக் குடிமக்களும் படத்துடன் கூடிய அடையாள அட்டையைக் காட்டியே உள்ளே செல்ல முடியும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கான நடைமுறை வேறு, அதற்கு முன்அனுமதி வேண்டும். மறுவாழ்வு முகாமில் வசிக்கும் உங்கள் மாணவர்களைக் கடைசி நேரத்தில் வாசலில் நிறுத்திவைக்கும் நிலை வந்துவிடக் கூடாது. எனவே மூன்று மாதங்களுக்கு முன்பே, பள்ளியின் முகவரித் தாளில், தலைமையாசிரியர் கையொப்பத்துடன், மாணவர் பட்டியலில் யார் முகாமைச் சேர்ந்தவர்கள் என்பதையும் அவர்களிடம் என்ன அடையாள ஆவணம் இருக்கிறது என்பதையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டு, விக்ரம் சாராபாய் மையத்துக்குக் கடிதம் அனுப்புங்கள். முகாமுக்கு வெளியே இரண்டு இரவுகள் தங்கி, மாநில எல்லையையும் தாண்டுவதால் முகாம் அலுவலகத்தின் அனுமதியையும் அதே சமயத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவர்களுக்கு அனுமதி உறுதியான பிறகே பேருந்துக்கு முன்பணம் கட்டுங்கள். மற்றபடி, முதன்மைக் கல்வி அலுவலரின் ஒப்புதல், பெற்றோரின் இசைவுக் கடிதம், பேருந்துக்குக் கேரள மாநில பர்மிட், மாணவியருக்கு உடன்வரும் ஆசிரியைகள் ஆகியவை நீங்கள் அறிந்தவையே.

அனுமதி வரத் தாமதமானால் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. அக்டோபர் 4 முதல் 10 வரையிலான உலக விண்வெளி வாரத்தில் இஸ்ரோ மையங்கள் பள்ளி, கல்லூரிகளில் கண்காட்சிகள் நடத்துவதுண்டு. தென்மாவட்டங்களில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி மையமும் அதில் பங்கெடுக்கிறது. அந்தக் கண்காட்சி மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ வரும் ஆண்டில் வளாக அனுமதி, வெளிமாநிலப் பேருந்து எதுவும் தேவைப்படாமல், முகாம் பிள்ளைகள் உட்பட அனைவரையும் ஒரே நாளில் அழைத்துச் சென்று திரும்பலாம். மேலே சொன்ன நான்கு குழுக்களின் வேலைகளில் கணக்கும் தோல்வியும் அங்கேயும் அப்படியே பயன்படும்.